ஆஷாடத்தில் ஒரு கெட்டிமேளம்

1

நம் மைசூர்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவர் தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'துலிப் மலர்களின் தேசத்தில்'. நான் ராட்டர்டாமுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. துலிப் தோட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் மைசூரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு. திரும்பும்போது ஜலதோஷத்தோடு வந்தேன். துலிப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக, போன சனிக்கிழமை வெளியான என் மகளுடைய முதல் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அதில் சம்பந்தம் உண்டு. அந்தத் தட்டில் இருக்கிற அத்தனையும் பதிவானது மைசூர் வித்யாரண்யபுரத்தில், என் அண்ணன் முருகேசன் மேனேஜராக இருக்கும் கல்யாண மண்டபத்தில். உங்களில் பாதிப் பேர் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள்.

மகள் பெயர் நித்யா. இங்கேயே பிறந்தவள். வாசிப்பது டபுள் பாஸ். ஆளைவிட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள், நின்றுகொண்டு கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். இங்குள்ள இசைக் கல்லூரியில் ஜாஸ் படித்து முடித்து, கூடப் படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு வைத்திருக்கிறாள். டிரம்ஸ் வாசிக்கிற யூப் என்கிற டச்சுக்காரன், சாக்ஸஃபோனுக்கு ஒருவன், கிட்டாருக்கு ஒருத்தி. நாலு பேருக்கும் வயசு இருபத்தைந்தை ஒட்டி. நாலு பேரும் எப்போதும் பசியோடு இருப்பார்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று அண்ணி ஒருமுறை போனில் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்: எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை ஆரம்பிப்பார்கள், அப்புறம் ஆளுக்கு ஒரு முறை அவரவருக்குத் தோன்றியதை வாசிப்பார்கள், ஒருத்தர் வாசிக்கும்போது மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கூட வருவார்கள், கடைசியில் மறுபடி சேர்ந்து முடிப்பார்கள்.

"நம்ம வூட்டு நியாயப் பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லு," என்றார் அண்ணி. "ஆனா நம்மள்ல எவன் காது கொடுத்துக் கேட்டான்?"

2

என் வீட்டுக்காரர் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடியை ஒட்டி வருகிற ஆஷாடத்தில். இந்த ஊர்த் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஆபீஸில் வேலை. சாயங்காலம் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான் செய்தி. எனக்கு அதைச் சொன்ன போலீஸ்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, தகனத்தன்றும் இல்லை. இங்கே சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபியும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பார்கள். எல்லாரும் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் "கேக் எடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேனாம். நித்யாதான் பிறகு சொன்னாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்கும், கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி மட்டும் இருக்காது இல்லையா, எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது.

மரத்துப்போனவளுக்கு இந்த நாடு ரொம்பத் தோதான நாடு. எப்போதும் ஏதாவது ஒரு கடிதம் வந்துகொண்டிருக்கும், பதில் போட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய போன் இணைப்பை ரத்து செய்யச் சொல்லிக் கூப்பிட்டேன். சந்தாதாரரே பேச வேண்டும் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்றேன். புரிகிறது அம்மா, ஆனால் சந்தாதாரர் ஒப்புதல் தந்தால்தான் முடியும் என்றார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. சரி, சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பழைய சாந்தியாக இருந்தால் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

அஸ்தியை வந்து வாங்கிக்கொள்ளும்படி தகனக்கூடத்திலிருந்தும் கடிதம் வந்தது. வாங்கி வந்து மழைக்கோட்டு மாட்டுகிற அலமாரியில், வேக்குவம் கிளீனருக்கு மேல் தட்டில் வைத்தேன். ஊருக்குப் போய்க் கரைக்க வேண்டும். டிக்கெட் போட வேண்டும். போடவில்லை. மாசங்கள் போயின.

ஒரு நாள் நித்யா குடை எடுக்க அந்த அலமாரியைத் திறந்தாள். அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அழுது முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா போயிட்டார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"அப்ப நான் யாரோட அழறது?"

குடையை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வாரம் ஒரு முறை என்றிருந்தது மாசம் ஒரு முறை ஆயிற்று. வந்தாலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். அவரைப் பறிகொடுத்த மாதிரியே இவளையும் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கை கால் நகரவில்லை.

3

போன வருஷம் முதல் தெவசத்துக்கு மைசூர் வர வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். நித்யாவும் வருகிறேன் என்றாள். ஆனால் தனியாக இல்லை, குழுவோடு. முதல் இசைத்தட்டை மாமா மண்டபத்தில் பதிவு செய்ய வேண்டுமாம். சின்ன வயசில் லீவுக்கு வரும்போதெல்லாம் கல்யாணம் வைக்காத ஆஷாடத்தில் காலியாகக் கிடக்கும் அந்த மண்டபத்தில்தான் அவள் விளையாடுவாள். அங்கே ஒரு கரண்டி விழுந்தால்கூடச் சத்தம் மேலே போய், சுற்றி வந்து, மெதுவாக இறங்கும் என்பாள். அப்படி ஒரு அறை ஐரோப்பா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றாள். முழுக்கத் தேடியிருக்க மாட்டாள், அது அவள் அப்பாவிடமிருந்து வந்த அளப்பு.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "ஆஷாடத்துல நம்ம மண்டபத்துல பல்லிதான் குடித்தனம் பண்ணுது. தாராளமா வரச் சொல்லு கணே," என்றான். கணே என்றால் அடியே.

டபுள் பாஸுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி உண்டு. ஆள் நீளம், ஆள் அகலம். அதை விமானத்தில் ஏற்றுவதற்கு வாங்கிய காகிதங்கள் ஒரு கத்தையாக நித்யா கையில் இருந்தன. என் கைப்பையில் அவர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு காகிதம்தான், அதையும் விமானத்தில் யாரும் கேட்கவில்லை.

பெங்களூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். தட்டிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"ஏனம்மா இது? ஹெணானா?" பிணமா என்று கேட்கிறார்.

"இல்ல சார், அது வாத்தியம். என் வீட்டுக்காரர் இங்க இருக்கார்," என்று கன்னடத்திலேயே சொல்லி, கைப்பையைத் திறந்து காட்டினேன்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு எங்கள் அத்தனை பேரையும் அப்படியே வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் காகிதக் கத்தையைப் புரட்டவே இல்லை. என்ன சொன்னேன் என்று யூப் கேட்டபோது மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கார் வரும் வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

அண்ணி பெயர் புஷ்பா. வாய்தான் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. வீட்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷமாவா மனுஷனை அலமாரில வெச்சிருந்தே? நல்லா இருக்கா சாந்தி இது?"

"வெச்சிருந்தேன் அண்ணி. என்ன பண்றது இப்ப."

"என்ன பண்றதா? உன்னைக் கட்டி வெச்சு உதைக்கணும்!" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் தெவசம் நடந்தது. நித்யா முழங்கால் தண்ணீரில் இறங்கி, மாமன் சொல்லச் சொல்ல, அஸ்தியைக் கரைத்தாள். அண்ணி முறையாக, போனவர் செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். என் வீட்டுக்காரருக்கு ஒழுங்காக அழுதவர் என் அண்ணி ஒருத்திதான். நான் நெடுஞ்சாலைப் பாலத்தில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புடவைக் கரை நனைந்திருந்தது, அதைப் பிழிய வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரிலிருந்து நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள். அலமாரி முன்னால் உட்கார்ந்து பார்த்தாளே, அதே பார்வை. நான் புடவையைப் பிழிந்தேன்.

தெவசம் முடியும் வரை வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று அண்ணி உத்தரவு போட்டிருந்தார். நாலு பேரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். யூப் மட்டும் முருங்கைக்காய் நறுக்கும்போது மணையில் கத்தியால் தாளம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

5

மூன்று நாள் பதிவு. பெங்களூரிலிருந்து ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் மைக்குகளோடு வந்தார். மணமேடையில், பிளாஸ்டிக் பூ வளைவுக்குக் கீழே, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில் நித்யா பாஸோடு நின்றாள். ஓமகுண்டம் வைக்கிற இடத்தில் டிரம்ஸ். சுற்றிலும் மற்ற இருவர்.

ஆஷாடம் என்பதால்தான் மண்டபம் கிடைத்தது, ஆஷாடம் என்பதாலேயே தொல்லையும் வந்தது. வெள்ளிக்கிழமை, சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டம் விடிவதற்கு முன்பே ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கி. அது ஓய்ந்தால் மழை, சாப்பாட்டுக் கூடத்துத் தகரக் கூரையில் படபடவென்று. எல்லாம் அடங்கி நித்யா பாஸின் வில்லை எடுத்தால், அடுப்படியில் அண்ணி மிக்ஸியைப் போடுவார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ புஷ்பா, பிள்ளைங்க ரெக்கார்டிங் பண்றாங்க," என்பான் அண்ணன்.

"பட்டினி கிடந்தா ரெக்கார்டிங் நல்லா வருமா?" என்பார் அண்ணி. ஆனால் நிறுத்திவிடுவார்.

முதல் நாள் நான் முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"இங்க வேணாம் கணே. மேடைக்கு நேரா வேணாம். பின்னாடி வந்து என் பக்கத்துல உக்காரு."

"கல்யாணமா அண்ணி நடக்குது?"

"கல்யாணம் இல்லதான். இருந்தாலும் மணமேடைதானே. நாளைக்கு இங்க ஒருத்தி தாலி கட்டிக்கணும்."

அண்ணி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருபது வருஷமாக அந்த மண்டபத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர், கை தானாக அதைச் செய்கிறது. இதே வார்த்தையை வேறு யாராவது வேறு ஒருத்தியிடம் சொல்லி நான் கேட்டிருந்தால் மண்டபம் இரண்டாகியிருக்கும். எனக்கென்று வந்தபோது எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தேன். நித்யா மேடையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, தந்தியை முறுக்கினாள்.

அன்று சாப்பாட்டு வேளையில் யூப் அண்ணனிடம், கல்யாணத்தில் மேளம் எப்போது வாசிப்பார்கள் என்று கேட்டான். அண்ணனுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி, வேகமாக ஆட்டிக் காட்டினான்.

"தாலி கட்டற நேரத்துல பெரியவர் ஒருத்தர் இப்படி விரலை ஆட்டுவாரு. கெட்டிமேளம், கெட்டிமேளம்! அவ்வளவுதான். மேளக்காரர் டீ குடிச்சிட்டு இருந்தாலும் சரி, தூங்கிட்டு இருந்தாலும் சரி, அடிச்சு நொறுக்கிடணும்."

"எதற்கு?" என்றான் யூப். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நேரம் பார்த்து எவனாவது தும்முவான். குழந்தை அழும். பெண்ணோட அம்மா விசும்பும். அது காதுல விழக்கூடாது. மேளச் சத்தம் எல்லாத்தையும் மூடிடும்."

யூப் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நாலு வருஷம் கல்லூரியில் டிரம்ஸ் படித்தேன், இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்றான். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அண்ணன் மண்டபத்தில் எந்த மூலையில் போகும்போதும் சும்மா விரலை ஆட்டுவான், யூப் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு டமடமவென்று பொழிவான். அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயசு, அவனுக்கு இருபத்தாறு. இரண்டு பேரும் அடித்த கூத்தில் மேடைக்கு மேலே இருந்த பல்லிகள் இடம் மாறிப் போயின.

6

கடைசிப் பாட்டு மூன்றாவது நாள் பிற்பகலுக்கு என்று வைத்திருந்தார்கள். அது நித்யா தன் அப்பாவுக்காகச் செய்தது. பெயர் 'மூன்றாவது மாடி'.

ராட்டர்டாம் வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். நித்யா பாஸ் பழகிய அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அவளுக்குப் பதினாலு வயசு, பாஸைத் தூக்க முடியாது. என் வீட்டுக்காரர்தான் வேலை முடிந்து வந்து, அதை முதுகில் சாத்திக்கொண்டு ஏறுவார். படி ஏறும் சத்தம், திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவது, மறுபடி படி. மேலே நிற்கிற நித்யாவுக்குக் கேட்கும்படி, "இரும்மா, வந்துட்டேன்," என்பார். அந்தப் பாட்டு முழுக்க அதுதான். மற்றவர்கள் ஆளுக்கொரு முறை வாசித்து அடங்கிய பிறகு, பாஸ் மட்டும் தனியாகப் படி ஏறும், நிற்கும், ஏறும், நிற்கும். கடைசியாக ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டு, ஒரே ஒரு சுரம் வர வேண்டும். வந்து சேர்ந்துவிட்டார் என்கிற சுரம்.

அந்தச் சுரம் நித்யாவுக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசித் திருப்பத்தில் நின்றுவிடுவாள், வில் தந்திக்கு மேலேயே நிற்கும், பிறகு தலையை ஆட்டி நிறுத்திவிடுவாள். சாயங்காலம் ஒலிப்பதிவுக்காரர் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்.

மண்டபத்தில் விளக்கும் மின்விசிறியும் அணைக்கப்பட்டிருந்தன. அண்ணன் எனக்கு முன்வரிசை நாற்காலியில் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அண்ணி பக்கத்தில் இருந்தேன். பாட்டு வந்து, அடங்கி, பாஸ் தனியாக ஏற ஆரம்பித்தது. அந்தப் படிகளை நான் அறிவேன். எந்தப் படியில் அவர் முழங்கால் சொடுக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். அப்போதும் எனக்கு எதுவும் ஆகவில்லை.

கடைசித் திருப்பம். நின்றது. நித்யா தலையைத் தூக்கி, இருட்டில் பின்வரிசையில் நான் இருக்கும் திசையைப் பார்த்தாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு அழுகை வந்தது. ஐந்து வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அழுத மாதிரி, வாய் விட்டு, அத்தனை பெரிய மண்டபமும் கேட்க.

மணமேடையில் பெண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் அண்ணன் விலுக்கென்று எழுந்தான். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. விரல் தானாக மேலே போயிற்று.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

யூப் அடித்தான். யோசிக்க அவனுக்கு நேரமில்லை, கை பழகியிருந்தது. அடித்து நொறுக்கினான். சாக்ஸஃபோன் ஒரு கணம் திகைத்து, பிறகு நாயனம் மாதிரி உச்சத்தில் போய் நின்றது. கிட்டாரும் சேர்ந்தது. நித்யா பாஸைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். எவ்வளவு நேரம் அழ வேண்டுமோ அவ்வளவு நேரம் அவர்கள் நிறுத்தவில்லை. அவள் நிமிர்ந்து மூக்கைத் துடைத்த பிறகுதான் யூப் ஒரு தட்டுத் தட்டி முடித்தான். சத்தம் மேலே போய், சுற்றி வந்து, மெதுவாக இறங்கியது.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயய்யோ, கெடுத்துட்டேனா?"

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, பஸ் போனால் போகட்டும், இதைப் போட்டுக் கேட்போம் என்றார். கேட்டார்கள். அழுகை ஆரம்பிக்கிற இடம் லேசாக இருக்கிறது, அது என்னவென்று தெரிவதற்குள் மேளம் மூடிவிடுகிறது. தட்டில் இப்போது இருப்பது அதுதான். அண்ணன் குரலும் இருக்கிறது.

அண்ணி ஓடிப்போய் நித்யாவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் நாற்காலியில் இருந்தேன்.

7

போன சனிக்கிழமை வெளியீடு. அதற்கு இரண்டு நாள் முன்னால் நித்யா வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்:

"அம்மா, தட்டுல மாமா குரல் இருக்கு. மேடைல வாசிக்கும்போது மாமா இல்ல. அதனால நான் அந்தக் கடைசித் திருப்பத்துல நின்னு நின்னு சுத்திட்டே இருப்பேன். யாராவது விரல் ஆட்டினாதான் யூப் அடிப்பான். நீ ஆட்டறயா?"

"நானா? நான் ஆட்டக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா என்ன அர்த்தம்? பெரியவங்க, சுமங்கலியா நல்லபடியா இருக்கிறவங்க பண்ற காரியம் அது. நான் அதுக்கு ஆள் இல்ல."

"யூப்புக்கு அதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, அதையும் செய்யவில்லை. "சரிம்மா. யாராவது தும்மற வரைக்கும் வாசிச்சிட்டு இருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஒரு பழைய கிடங்கில், துறைமுகத்தை ஒட்டி, நிகழ்ச்சி. இங்கே ஒருவருக்கு நல்லது நடந்தால் அவர் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் கை குலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். வரிசையாக வந்து சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டு கேக், அதே மஞ்சள் கேக். நான் பழக்கத்தில் பின்வரிசையைப் பார்த்து நடந்தேன். யூப் ஓடி வந்து தோளைப் பிடித்துத் திருப்பி, முன்வரிசைக்குக் கூட்டிப்போனான். நடு நாற்காலியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'அம்மா' என்று தமிழில் எழுதியிருந்தாள், ம் மேல் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்து. உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயசில் ஒரு டச்சுக்காரம்மா.

கடைசிப் பாட்டு. எல்லாம் அடங்கி, பாஸ் படி ஏறியது. திருப்பத்தில் நின்றது. நித்யா யாரையும் பார்க்கவில்லை. ஒருவரும் விரலை ஆட்டவில்லை. மறுபடி கீழேயிருந்து ஏறினாள். நின்றாள். யூப் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். சபையில் யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை ஏறும்போது அவளுடைய கீழுதடு மடங்குவதைப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. சின்னதிலிருந்து அவளுக்கு அழுகை வருவதற்கு முன் உதடு அப்படித்தான் மடங்கும். இன்னும் ஒரு நொடியில் என் பெண் இத்தனை பேர் முன்னால் வாய் விட்டு அழப்போகிறாள், அதை எல்லாரும் கேட்கப்போகிறார்கள்.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அது ஒன்றுதான் நினைத்தேன். அண்ணி நினைவுக்கு வரவில்லை, மணமேடை வரவில்லை, நான் யார், ஆட்டலாமா கூடாதா, எதுவும் வரவில்லை. எழுந்து நின்றேன். விரலைத் தூக்கி ஆட்டினேன். என் குரல் இத்தனை பெரிசு என்று எனக்கே மறந்திருந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

யூப் அடித்தான். நித்யா என்னைப் பார்த்து அழுதாள், தோள் குலுங்கி, வாய் திறந்து, ஒரு துளிச் சத்தம் வெளியே கேட்காமல். நான் விரலைக் கீழே போடவில்லை. போட்டால் அவன் நிறுத்திவிடுவான் என்று பயந்தேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். அப்போது எனக்கும் வந்தது. எங்கிருந்தோ கிளம்பி வந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அண்ணி ஆற்றங்கரையில் அழுத மாதிரி, என் வீட்டுக்காரர் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி, மூன்று மாடி ஏறினீங்களே, சைக்கிளுக்குக் குனிஞ்சவர் நிமிரலையே என்று கத்தி அழுதேன். மேடையில் அவளும் கீழே நானுமாக, ஒருத்தியை ஒருத்தி பார்த்தபடியே.

பக்கத்திலிருந்த டச்சுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கை தட்டினார். அவருக்கு மேளம் மட்டும்தான் கேட்டது.